வாளியின் அரை மீட்டர்

கடையின் இணையப் பக்கத்தில் அவருடைய படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: “கடலோடு பிறந்து, கடலோடு வளர்ந்த எங்கள் களப் பொறியாளர். எந்தப் பருவத்திலும் எந்த அலையிலும் உங்கள் படகில் நின்று, மீன் தேடும் சோனாரையும் சார்ட் பிளாட்டரையும் பொருத்தி, சோதித்து, அவற்றின் துல்லியத்துக்கு உறுதி கூறுவார்.”

இதில் குறை சொல்ல முடியாதது படம் மட்டும்தான். அதுவும் தலையில் முடி இருந்த காலத்துப் படம்.

அவர் ஒரு தையற்காரரின் மகன். குழாயில் வரும் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்தவர். ரேடியோ பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். பொறியியல் கல்லூரியின் வாசலை, பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறார். தங்கையைத் துறைமுகத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அவளைப் பார்க்க வந்தவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். நீச்சல் தெரியாது. மீன் வாசனை ஆகாது. “எந்த அலையிலும் நின்று” என்பதைப் பற்றிச் சொல்வதானால், துறையில் கட்டிப்போட்ட படகில் நிற்கும்போது பக்கத்தில் இன்னொரு படகு போனாலே அவருக்குக் குமட்டும். அதனால் வேலைக்குப் போகும்போது ஒரு தோளில் கருவிப் பை, மறு கையில் சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் அவர் பெயர் வாளிதான். கரண்ட் பில்லில் இருக்கும் பெயர் மின்வாரியத்துக்கு மட்டும் தெரியும்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரர். அதை யாரும் மறுத்ததில்லை. அந்த விவரிப்பில் இருந்த பெரிய பொய் நீச்சலைப் பற்றியதோ அலையைப் பற்றியதோ இல்லை. “துல்லியத்துக்கு உறுதி” என்பதுதான். அந்தப் பொய் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று வாளி நினைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். படகின் அடியில் உள்ளங்கை அளவில் ஒரு குமிழ் பொருத்துவார்கள். அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கும். துறையில் அதற்குப் பெயர் காது. காது கேட்டதைத் திரை எண்ணாகக் காட்டும்: படகின் அடிமரத்துக்குக் கீழே இன்னும் இவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று. வாளி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த எண்ணை மயிரிழை பிசகாமல் வைத்துக் கொடுத்தார். வைத்துக் கொடுத்த முதல் படகே ஆற்று முகத்தில் இருக்கும் மணல்திட்டில் ஏறிக் குந்தியது. சோனார் பெட்டியில் தப்பில்லை. சரியான எண்ணைக் கையில் கொடுத்ததும் படகுக்காரர் அதைக் கடைசிச் சொட்டு வரை செலவழித்துவிட்டார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வாளி பொருத்திய ஒவ்வொரு பெட்டியிலும், யாரிடமும் சொல்லாமல், அரை மீட்டரை ஒளித்து வைத்தார். இருப்பதைவிட அரை மீட்டர் குறைவாகத் திரை காட்டும். வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைப்பார்களே, அந்த மாதிரி நல்லெண்ணம். அந்தக் கடிகாரத்துக்கு நேரும் கதி என்ன என்பதும் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். வாளிக்கு மட்டும் அது தோன்றவில்லை.

தங்கையின் கணவர் புதுப் படகு இறக்கினார். பழைய படகை மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே மணல்திட்டு தின்றிருந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். படகு துண்டு துண்டாகக் கரையேறியது. இந்தப் படகும் போனால் வீட்டில் மூன்றாவது படகு கிடையாது, கடலும் கிடையாது. தங்கை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. புதுப் பெட்டி பொருத்தும் நாளில் காலையிலேயே வந்து படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“நீ எதுக்கும்மா இங்க?” என்றார் வாளி.

“படகு என் பேர்லயும் இருக்குல்ல? பெட்டி வேலை செய்றதப் பாக்கத்தான் வந்தேன்.”

பொருத்தும் வேலை லேசில் முடியவில்லை. எஞ்சினைக் கிளப்பினால் திரை முழுக்க வெள்ளைக் கீறல் விழுந்தது. காதிலிருந்து வரும் கம்பி எஞ்சின் கம்பியோடு கொஞ்சிக்கொண்டு போவதைக் கண்டுபிடித்து, இரண்டையும் பிரித்து, ஆளுக்கொரு பக்கமாக ஓட்டினார். பிறகு, படகு நிற்கும் இடத்தைக் கடல் வரைபடத்தில் காட்டும் சார்ட் பிளாட்டரைப் போட்டார். துறையில் அசையாமல் நின்ற படகைத் திரையில் ஐஸ் பாக்டரிக்குள் நிறுத்திக் காட்டியது வரைபடம்.

எஞ்சின் டிரைவர் எட்டிப் பார்த்தார். எஞ்சின் ஓடாத நேரத்தில் அதன் சத்தத்தைத் தன் வாயால் ஈடு கட்டுகிற மனிதர். “நல்லதுதானே வாளி சார்? ஐஸ் அள்ளத் தனியாப் போக வேணாம், பாருங்க.”

“ஆன்டெனாவ நீ கழுவுற தண்ணிக் குழாய்க்கு அடியில யாருய்யா கட்டினது?”

டிரைவர் சட்டென்று எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார். வாளி, வானத்திலிருந்து இடத்தைக் கேட்டு வாங்கும் அந்த ஆன்டெனாவைக் கூரை உச்சிக்கு மாற்றி, வரைபடத்தின் அமைப்பையும் திருத்தினார். படகு ஐஸ் பாக்டரியை விட்டு இறங்கித் தண்ணீருக்கு வந்தது.

கடைசி வேலை ஆழம். அந்த நேரத்தில் மாப்பிள்ளை டீசல் கேன்களை எடுத்து வரக் கரைக்குப் போயிருந்தார். தங்கை ஒரு கயிற்றில் இரும்பு நட்டைக் கட்டி வைத்துக்கொண்டு அண்ணனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, பெட்டி சொல்றது உள்ளது உள்ளபடி இருக்கணும். ஏத்தியும் சொல்லக் கூடாது, இறக்கியும் சொல்லக் கூடாது. அந்த வேலைக்கு எங்க வீட்ல ஏற்கனவே ஒருத்தர் இருக்காரு.”

“நான் வச்சா சரியாத்தாம்மா இருக்கும்.”

“இருக்கட்டும். நானும் ஒரு தடவ அளந்துக்கறேன்.”

அவள் கயிற்றை இறக்கினாள். நட்டு தரையைத் தொட்டதும் இழுத்து, நனைந்த நீளத்தை அளந்து, படகு தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அளவைக் கழித்து, ஒரு எண்ணைச் சொன்னாள். வாளியின் விரல் பொத்தானின் மேல் நின்றது. வழக்கமாக அந்த இடத்தில்தான் அரை மீட்டர் உள்ளே போகும். தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவர் பங்கு பிரிக்கும்போது தட்டைப் பார்ப்பாளே, அதே பார்வை. வாளி பல வருஷங்களுக்குப் பிறகு முதல் முறையாகப் பூஜ்யத்தை வைத்துச் சேமித்தார். திரையும் கயிறும் ஒரே எண்ணைச் சொன்னன.

“சரியா இருக்குண்ணே,” என்றாள் தங்கை, ஏமாந்துபோனவள் போல.

மாப்பிள்ளை கேன்களோடு வந்தார். “முடிஞ்சுதா மச்சான்?” என்றார். “முடிஞ்சுது மாப்ள,” என்றார் வாளி. அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. பேச வேண்டியது ஒன்று இருப்பது இருவருக்குமே தெரியாது.

கடல் ஏறி நீர் நிறைந்திருந்த நேரத்தில் மணல்திட்டைத் தாண்டி வெளியே போனார்கள். தண்ணீர் தாராளமாக இருந்தது. யாரும் ஆழத்தைப் பார்க்கவே இல்லை. வெளியே போய், திசைகாட்டியைப் பழக்குவதற்காகப் படகை வட்டமடிக்க விட்டார்கள். வாளி வாளிக்குள் தலையை விட்டவர் எடுக்கவில்லை. தலையை உள்ளே வைத்தபடியே உத்தரவு போட்டார்: “இன்னொரு சுத்து… மெதுவா… போதும், சேமி.” மூழ்கிக் கிடந்த ஒரு பழைய தோணியின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் தரை முதுகைத் தூக்கியது. அதன் மேலே மஞ்சள் புருவங்கள் வரிசையாக வந்தன.

“அது என்னங்க?” என்றாள் தங்கை கணவரிடம்.

“மீனு.”

“அப்ப இங்க, படகுக்குப் பக்கத்துலயே கலங்கலாத் தெரியுதே?”

“அக்கா, அது வாளி சார் காலைல சாப்பிட்டது,” என்றார் டிரைவர். “இப்பத்தான் வாளியக் கவுத்தாரு. அந்த மீனெல்லாம் அதுக்குத்தான் கூடி வருது.”

மாப்பிள்ளை சிரித்தார். சிரித்துக்கொண்டே மச்சானின் முகத்தைப் பார்த்தவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த முகம் பாசி நிறத்துக்கு வந்திருந்தது. உதடு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது. முறைப்படி பார்த்தால் நீர் இறங்கி மறுபடி ஏறும்வரை வெளியே நின்றிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை.

“மச்சானக் கரை சேத்துடலாம். இதுக்கு மேல தாங்க மாட்டாரு.”

“தண்ணி இறங்குதே?” என்றார் டிரைவர்.

“பாத்துப் போயிடலாம். புதுப் பெட்டி இருக்குல்ல?”

படகு முகத்துவாரத்துக்குத் திரும்பியது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்தது. நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு மட்டும் உடையாத தண்ணீர். வரைபடம் அதை நீலமாகக் காட்டியது. ஆனால் வரைபடம் வரைந்த பிறகு மணல் எத்தனையோ தடவை இடம் மாறிப் படுத்திருக்கும். இங்கே நம்புவதற்கு இருந்தது ஆழ எண் ஒன்றுதான். அது இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மீட்டர். ஒன்றரை. ஒன்று. பெட்டி வீறிட்டது.

சுக்கானைப் பிடித்திருந்த மாப்பிள்ளை கட்டை விரலால் அதன் வாயை அடைத்தார்.

வாளிக்குள் இருந்த தலைக்கு அந்த நிசப்தம் கேட்டது. எச்சரிக்கைச் சத்தம் தானாக நிற்பதற்கும் ஒருவர் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம், அதைப் பொருத்தியவருக்குத் தெரியாதா? அவர் தலையைத் தூக்கினார்.

“கொஞ்சமாத்தான் காட்டுது,” என்றார் டிரைவர். அவர் குரலில் இப்போது கேலி இல்லை.

“மச்சானோட அரை மீட்டர் உள்ள இருக்குல்ல? அதையும் சேத்துக்க. தாராளமாப் போகலாம்.”

வாளிக்கு ஒரு கணம் குமட்டல்கூட நின்றது. “என்ன அரை மீட்டர்?”

“அட, விடுங்க மச்சான். ஊருக்கே தெரியும். எல்லாப் பெட்டியிலயும் வாளி அரை மீட்டர் பதுக்குவாருன்னு சின்னப் பையன்கூட சொல்லுவான். காட்டுறதோட அரையக் கூட்டித்தான் எல்லாரும் ஓட்டுறோம். நல்ல மனசோடதானே செஞ்சீங்க.”

வெட்கப்படுவதற்கு ஆற அமர நேரம் வேண்டும். திரையில் எண் இன்னும் கீழே போனது.

“மாப்ள, இதுல இல்ல. இதுல வைக்கல. நிறுத்துங்க.”

“நீங்க என்னிக்கு இருக்குன்னு சொல்லியிருக்கீங்க?” மாப்பிள்ளை கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் சொன்னார். “போன மாசம்கூட அந்த நீலப் படகுக்காரன் நேருக்கு நேர் கேட்டான். இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணுனீங்களாம்.”

பண்ணியிருந்தார்.

தங்கை பின்னாலிருந்து கத்தினாள். “என்னங்க! காலைல நானே கயிறு விட்டுப் பாத்தேன். சரியா இருந்துச்சு!”

“நீ பாக்கும்போது சரியாத்தான் இருக்கும். நீ அந்தப் பக்கம் போனதும் மாத்தியிருப்பாரு. உங்க அண்ணன் குணம் உனக்குத் தெரியாதா?”

தங்கை அண்ணனைப் பார்த்தாள். “மாத்துனியாண்ணே?”

“இல்லம்மா.”

அவள் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் யோசித்திருப்பாள். ஆனால் யோசித்தாள். அன்று காலையிலிருந்து வாளி பட்ட அவஸ்தை எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒரு மூச்சுக்கு ஈடாகாது.

பின்னால் அலை தூக்கியது. படகின் பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் சரிந்து, மறுபடி அமர்ந்தது. அமரும்போது எண் சட்டென்று பாதியானது. பெட்டி மறுபடி வீறிட்டது. கூரை ஓரத்தில், படகைத் துறைச் சுவரிலிருந்து தள்ளிவிடப் பயன்படும் நீளக் கழி கட்டியிருந்தது. வாளி அதை உருவினார்.

“மச்சான், எங்க போறீங்க? விழுந்து தொலைச்சிடாதீங்க!”

நீச்சல் தெரியாத மனிதர் படகின் முன்முனைக்குத் தவழ்ந்து போனார். முன்முனைக் கட்டையைத் தொடைகளால் கவ்விக்கொண்டு கழியைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கினார். அது போக வேண்டிய அளவுக்குப் போகவில்லை. கெட்டியான மணலில் ‘தம்’ என்று நின்றது. தண்ணீர் தொட்ட இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு கழியை உருவினார். எழுந்து நின்றார். ஆடும் படகில், பிடிமானம் இல்லாமல், கழியைத் தன் உடம்போடு ஒட்டி நிறுத்திக் காட்டினார்.

புதுப் படகைக் கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த நாட்களில் மாப்பிள்ளை அதன் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பூரித்தவர். அடிமரத்திலிருந்து நீர்க்கோடு வரை மச்சானின் கழுத்து உயரம் என்பது அவருக்கு மனப்பாடம். இப்போது கழியின் ஈரம் மச்சானின் நெற்றியில் முடிந்தது. கழுத்துக்கும் நெற்றிக்கும் நடுவில் இருந்த அந்தச் சாண் நீள முகம்தான் படகுக்கும் மணலுக்கும் நடுவில் இருந்த தண்ணீர். ஒரு நல்ல அலைப் பள்ளம் வந்தால் அதுவும் கிடையாது.

திரையில் அதே சாண் எண்ணாக நின்றது.

“பின்னால எடு!” என்று மாப்பிள்ளை அலறினார். “பின்னால எடுய்யா!”

டிரைவர் கேட்பதற்கு முன்பே கியரைத் தள்ளியிருந்தார். படகு ஒரு கணம் எந்தப் பக்கமும் போகாமல் நடுங்கியது. அலைப் பள்ளம் வந்தது. அடியில் மணல் உரசியது: பெரிய பாத்திரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி, நீளமாக. வாளி கழியோடு பலகை மேல் குப்புற விழுந்தார். விழுந்தது தண்ணீர்ப் பக்கமாக இல்லை என்பதை எழுந்த பிறகுதான் தெரிந்துகொண்டார். அடுத்த அலை வந்து படகைத் தூக்கியது. தூக்கிய தூக்கில் படகு மணலை விட்டுப் பின்னால் நகர்ந்தது. ஒன்று. ஒன்றரை. இரண்டு. பெட்டி வாயை மூடியது, இந்த முறை தானாகவே.

வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டார்கள். டிரைவர் அடித்தளத்துக்குள் இறங்கித் தடவிப் பார்த்துவிட்டு வந்து, “ஒழுகல,” என்றார். அன்று அவர் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அதுதான்.

நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல வெயில். நின்ற படகு ஓடும் படகைவிட அதிகம் ஆடும். வாளி வாளிக்குத் திரும்பினார். தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத் துணியை அவர் பிடரியில் வைத்தாள்.

மாப்பிள்ளை நங்கூரக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வந்து கேட்டார். “எத்தனை படகுல வச்சிருக்கீங்க மச்சான்?”

“எல்லாத்துலயும்.”

“எல்லாரும் கூட்டித்தான் ஓட்டுறாங்க.”

“இப்பத்தானே தெரியுது.”

“அப்ப கழட்டிடுண்ணே,” என்றாள் தங்கை.

“சத்தமில்லாமக் கழட்டுனா, இன்னிக்கு நடந்ததுதாம்மா ஒவ்வொருத்தனுக்கும் நடக்கும். அவன் இல்லாத அரையக் கூட்டிட்டு வந்து ஏறுவான்.”

“கழட்டலன்னா?”

“படகு கை மாறும். புதுசா வாங்கினவன் கூட்டலாம், கூட்டாமப் போகலாம். ஒண்ணு கூட்டச் சொல்லணும், இல்ல கூட்டாதேன்னு சொல்லணும். எப்படிப் பாத்தாலும் நான் வாயத் திறந்தாகணும்.”

“அவங்க உங்கள என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்ல?” என்றார் மாப்பிள்ளை.

வாளி பதிலை வாளிக்குள் சொன்னார்.

கடை முதலாளியின் காதில் விஷயம் விழுந்தபோது, அவர் பதறியது படகுகளுக்காக இல்லை. “துல்லியத்துக்கு உறுதின்னு கொட்டை எழுத்துல போட்டு வச்சிருக்கேன்யா! நீ போய் ஒவ்வொருத்தன்கிட்டயும் இத்தனை நாள் தப்பாக் காட்டுச்சுன்னு சொன்னா, கடைய நான் மூட வேண்டியதுதான். கமுக்கமா இரு. இனிமே போடுறதுல சரியாப் போடு.”

வாளி சரியென்று தலையாட்டினார். வாளியையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார்.

நீலப் படகுக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். சத்தியம் பண்ணியதைத் தேதியோடு நினைவுபடுத்தினார். இன்னொருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயதான ஒருவர், “எனக்குக் கூட்டிப் பழகிப்போச்சு, என் பெட்டியில அப்படியே விட்டுடு,” என்று அடம் பிடித்தார். வாளி அந்தப் படகில் குமட்டலோடு மதியம் வரை உட்கார்ந்திருந்தார். அவரைக் கரைக்கு அனுப்புவதற்காகவே கிழவர் ஒத்துக்கொண்டார்.

துறையில் நின்ற ஒவ்வொரு படகிலும் வாளி ஏறினார். அரை மீட்டர் ஒளித்து வைத்திருந்ததைப் படகுக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கயிற்றை அவர் கையிலேயே கொடுத்து ஆழத்தை அளக்கச் சொன்னார். அவர் அளந்து சொன்ன எண்ணைப் பெட்டியில் வைத்தார்.